எல்.கே.ஜி. பிள்ளைக்குப் பென்சில் கொடுப்பதற்கு முன் கையைத் தயார் செய்வது எப்படி?

“மிஸ், இவன் எழுதவே மாட்டேங்கிறான், நோட்டை எடுத்தாலே அழறான்.” பத்து வருடத்துக்கு மேலாக எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு எடுக்கிறேன், ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் இதைச் சொல்ல நாலைந்து பேராவது வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: வீட்டில் சோற்றை அவனே பிசைந்து சாப்பிடுகிறானா? முக்கால்வாசிப் பேர், “இல்லை மிஸ், நேரமாகிறது என்று நாங்களே ஊட்டிவிடுகிறோம்” என்பார்கள்.

சோற்றுக்கும் பென்சிலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஒரு கவளம் சோறு எடுக்கும்போது உங்கள் விரல்களைக் கொஞ்சம் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் கூடிப் பிடிக்கின்றன, மற்ற இரண்டு விரலும் கீழே மடங்கித் துணைக்கு நிற்கின்றன, வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் கட்டைவிரல் உள்ளே தள்ளுகிறது. பென்சில் பிடிப்பதும் கிட்டத்தட்ட இதே பிடிதான். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு இருபது முப்பது கவளம். இதைவிட நல்ல பயிற்சி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அதனால் முதல் வேலை, நாளைக் காலையிலிருந்து தட்டைப் பிள்ளை முன்னால் வைத்துவிட்டு ஊட்டும் கையை எடுத்துவிடுங்கள். சிந்தும், நேரமாகும். பள்ளி நாளில் முடியாவிட்டால் இரவுச் சாப்பாட்டையும் ஞாயிற்றுக்கிழமையையும் அவனிடம் விடுங்கள். தயிர்சாதத்தை விட்டுவிட்டு இட்லி, உதிர் உதிரான எலுமிச்சைச் சாதம், பட்டாணி போட்ட உப்புமா என்று ஆரம்பித்தால் சிந்துவது குறையும்.

சரி, எழுத மறுக்கும் பிள்ளையின் கைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும், வருடா வருடம் ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகும், கடைசி எலும்பு உருவாக ஒன்பது வயதுக்கு மேல்கூட ஆகும். மூன்றரை வயதுப் பிள்ளையின் கை நம் கையின் சின்ன அளவு கிடையாது, இன்னும் கட்டி முடியாத கை. தவிர, உடம்பில் கட்டுப்பாடு நடுவிலிருந்து வெளியே போகிறது. முதலில் முதுகும் தோளும் உறுதியாகும், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு, கடைசியில்தான் விரல். தோள் நிற்காத பிள்ளை மேஜை மேல் சாய்ந்து, தலையைக் கையில் வைத்துக்கொண்டு, முழுக் கையையும் ஆட்டி எழுதும். பார்ப்பவர்கள் சோம்பேறி என்பார்கள். பாவம், அது அலுத்துப்போயிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்து, என் கைக்குள் வைத்து ‘அ’ எழுத வைத்திருக்கிறேன். ஒரு பெண் குழந்தை என்னைப் பார்த்தாலே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும். அதைப் பார்த்த பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குழந்தைக்கு நான் செய்தது தப்பு, இப்போது வரை மனசில் இருக்கிறது.

தோளிலிருந்து தொடங்குங்கள். இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பந்து எடுத்து வரச் சொல்லுங்கள், பூங்காவில் கம்பியில் தொங்க விடுங்கள், கரடி மாதிரி கையையும் காலையும் ஊன்றி ஹாலைச் சுற்றி வரட்டும். நீங்கள் காலைப் பிடித்துக்கொள்ள அவன் கையால் நடப்பது இருக்கிறதே, அது பிள்ளைகளுக்கு உயிர். (முழங்காலுக்கு மேல் பிடியுங்கள், கணுக்காலில் பிடித்தால் இடுப்பு தொங்கிவிடும்.) சின்னச் சொம்பில் தண்ணீர் எடுத்துப்போய்த் துளசிக்கு ஊற்றுவது, அரிசிப் பையை இழுத்து வருவது, வாளிக்குள் துணியை முக்கி முக்கித் துவைப்பது எல்லாமே தோளுக்கும் முழங்கைக்கும் வேலை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு வாளித் தண்ணீரும் வெள்ளையடிக்கிற பழைய பிரஷ்ஷும். சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கைப்பிடிச் சுவரில் தண்ணீரால் ‘பெயின்ட்’ அடிக்க விடுங்கள். நம் ஊர் வெயிலில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், திரும்பவும் அடிக்கலாம். செங்குத்தான பரப்பில் வேலை செய்யும்போது மணிக்கட்டு தானாகவே பின்பக்கமாக வளைந்து நிற்கும், எழுதுவதற்கு வேண்டிய நிலை அதுதான். அதனால்தான் தரையில் வைத்த நோட்டைவிட, சுவரில் ஒட்டிய தாளும் கரும்பலகையும் இந்த வயதுக்கு ரொம்ப நல்லது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தைப் பிள்ளையின் கண் உயரத்தில் கதவில் ஒட்டிவிடுங்கள், போதும்.

அப்புறம் விரல்கள். இதற்குச் சமையலறைதான் சிறந்த வகுப்பறை. மூன்று வயதில் சப்பாத்தி மாவை உருட்ட, அமுக்க, பிய்க்க முடியும். கருவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவுவது, முருங்கைக் கீரை ஆய்வது, பச்சைப் பட்டாணி உரிப்பது, ஊறவைத்த பாதாமின் தோலைப் பிதுக்குவது, நான்கு வயதுக்கு மேல் பூண்டு உரிப்பது. பூண்டு உரிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு கை பூண்டைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிறது, இன்னொரு கை நகத்தால் தோலைக் கிள்ளுகிறது. இரண்டு கையும் இரண்டு வேறு வேலையைச் சேர்ந்து செய்யும் இந்தப் பழக்கம்தான் பின்னால் ஒரு கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத உதவும். பூண்டு உரித்த கையைக் கண்ணில் வைக்காமல் உடனே கழுவிவிடுங்கள்.

துணி காயப்போடும்போது கிளிப்பை அவனிடம் கொடுங்கள். கிளிப்பை அமுக்கித் திறக்கும் விரல்கள்தான் பென்சிலையும் பிடிக்கின்றன. ஸ்பாஞ்சால் ஒரு கிண்ணத்துத் தண்ணீரை இன்னொரு கிண்ணத்துக்குப் பிழிந்து மாற்றுவது, காலி இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது, இடுக்கியால் பஞ்சு உருண்டையை எடுத்து முட்டை அட்டையில் வைப்பது, பழைய செய்தித்தாளைக் கிழிப்பது. கிழிப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நீளவாக்கில் பட்டை பட்டையாகக் கிழிக்க வராத பிள்ளைக்குக் கத்தரிக்கோல் கொடுத்துப் பயன் இல்லை, முதலில் கிழிக்கட்டும். பிறகு முனை மழுங்கிய கத்தரிக்கோல் கொடுத்து ஸ்ட்ராவை, வெண்டைக்காயை, கெட்டி அட்டையைத் துண்டு துண்டாக வெட்டச் சொல்லுங்கள். மெல்லிய தாள் தொளதொளவென்று மடங்கிவிடும் என்பதால் வெட்ட அதுதான் கஷ்டம்.

பாட்டி வீட்டுப் பரணில் பல்லாங்குழிப் பலகை இருந்தால் இறக்குங்கள். 14 குழி, கை நிறையச் சோழி அல்லது புளியங்கொட்டை. கைக்குள் ஐந்தாறு முத்தை வைத்துக்கொண்டு ஒன்று ஒன்றாக விரல் நுனிக்குக் கொண்டுவந்து போடுவது சின்ன விஷயமில்லை, உள்ளங்கைக்குள்ளேயே ஒரு பொருளை நகர்த்தும் இந்தத் திறமை இருந்தால்தான் பென்சிலைப் பிடித்த பிறகு விரலை மேலே கீழே நகர்த்திச் சரிசெய்ய முடியும். ஆட்ட விதியெல்லாம் நான்கு வயதுக்கு வேண்டாம், குழிக்கு ஒன்று போடட்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கண்டிப்பு: மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும், எதையும் வாயில் மூக்கில் போடும் குழந்தைக்கும் சோழி, மணி, பட்டாணி, புளியங்கொட்டை எதுவும் கொடுக்காதீர்கள். பெரிய குழந்தை என்றாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

எழுதுவதற்கு முதலில் என்ன கொடுப்பது? மெல்லிய ஹெச்.பி. பென்சில் கடைசியில் வர வேண்டியது. முதலில் கிரேயான், சாக்பீஸ், சிலேட்டும் பலப்பமும். கிரேயானை இரண்டாக உடைத்துக் கொடுங்கள். புதுசை உடைக்க மனசு வராதுதான், ஆனால் நீளமாக இருந்தால் பிள்ளை முழுக் கையால் முஷ்டி பிடிக்கும், கட்டைவிரல் நீளத்துக்குத் துண்டாக இருந்தால் விரல் நுனியால் பிடிப்பதைத் தவிர வழியே இல்லை. சிலேட்டின் நன்மை இன்னொன்று, பலப்பம் கொஞ்சம் உரசிக்கொண்டுதான் ஓடும், அந்த உரசல் எவ்வளவு அழுத்துகிறோம் என்று கைக்குச் சொல்லிக்கொடுக்கும். பிள்ளை பலப்பத்தையோ சாக்பீஸையோ தினமும் தின்கிறது என்றால் அடிக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும் குழந்தைகளிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம்.

பிடியைப் பற்றிப் பெற்றோர் ரொம்பக் கவலைப்படுகிறார்கள். ஒன்றரை வயதில் முஷ்டியாகப் பிடிப்பது, இரண்டு மூன்று வயதில் எல்லா விரலையும் கீழ்நோக்கி வைத்துப் பிடிப்பது, மூன்றரை நான்கு வயதில் விரல் நுனிக்கு வந்தாலும் கை மொத்தமாக அசைவது, நாலரையிலிருந்து ஆறு வயதுக்குள் விரல் மட்டும் அசைந்து எழுதுவது. பொதுவாக இப்படித்தான் படிப்படியாக வரும், ஒரு படியைத் தாண்ட வைக்க முடியாது. மூன்று விரலுக்குப் பதிலாக நான்கு விரலால் பிடித்தாலும், கை வலிக்காமல், எழுத்து புரியும்படி வருகிறது என்றால் விட்டுவிடுங்கள். நான்கரை வயதுக்கு மேலும் முஷ்டியாகவே பிடித்தால் ஒரு வழி இருக்கிறது. சின்னத் துணித் துண்டையோ பஞ்சையோ மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் அடியில் உள்ளங்கையில் மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், “முயல்குட்டி தூங்குது, விட்டுடாதே” என்று சொன்னால் போதும். அந்த இரண்டு விரலும் அடங்கிவிட்டால் மற்ற மூன்றும் தானாக வேலைக்கு வந்துவிடும்.

இனி கோடுகள். எங்கள் வகுப்பில் நிற்கும் கோடு, தூங்கும் கோடு, சாய்ந்த கோடு என்று சொல்லுவோம், பிள்ளைகளும் கையைத் தூக்கி நின்றும் படுத்தும் காட்டுவார்கள். இவை வருவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நிற்கும் கோட்டைப் பார்த்துப் போட மூன்று வயதில் வந்துவிடும், தூங்கும் கோடும் வட்டமும் அதை ஒட்டியே வரும். கூட்டல் குறி நான்கு வயதில், சதுரம் நான்கிலிருந்து நாலரைக்குள், சாய்ந்த கோடுகளும் பெருக்கல் குறியும் முக்கோணமும் ஐந்து வயது வாக்கில். நாலைந்து மாதம் முன்பின் இருப்பது சகஜம். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் புரியும், கூட்டல் குறியே போட வராத பிள்ளையிடம் ‘க’ எழுதச் சொல்வது அநியாயம்.

அதனால்தான் எழுத ஆரம்பிக்க ‘அ’ பொருத்தமான எழுத்தே இல்லை என்பது என் கருத்து. சொல்லுவதற்கு, பாடுவதற்கு அகரவரிசை சரி. எழுதுவதற்கு ‘அ’வில் ஒரு சுழி, ஒரு பெரிய வளைவு, ஒரு தூங்கும் கோடு, ஒரு நிற்கும் கோடு எல்லாம் ஒன்றாக வருகின்றன. ‘இ’ அதைவிடச் சிக்கல். ‘ட’வைப் பாருங்கள், நின்று தூங்கினால் ‘ட’. நின்று, தூங்கி, எழுந்தால் ‘ப’. ‘ப’ பழகிய கைக்கு ‘ம’வும் ‘ய’வும் பக்கத்து வீடு. இந்த ட, ப, ம மூன்றையும் ஒரு புள்ளியையும் வைத்துக்கொண்டே படம், பட்டம், மட்டம் என்று வார்த்தை எழுதிவிடலாம், எழுதியது ஒரு வார்த்தை என்று தெரியும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு ர, ஈ, அதற்குப் பிறகு வளைவுகள்: உ, எ, வ, க. ண, ஞ, ஊ, ஔ எல்லாம் கடைசியில் நிதானமாக வரட்டும். மொத்தம் 247 எழுத்து இருக்கிறது, நான்கு வயதில் ஓட வேண்டிய அவசியம் என்ன?

ஒரு எழுத்தைப் பென்சிலால் எழுதும் முன் நான்கைந்து வழியில் கை அதைச் சந்திக்கட்டும். முதலில் காற்றில், தோளிலிருந்து கையைப் பெரிதாக வீசி. பிறகு தரையில் சாக்பீஸால் ஆள் உயரத்துக்கு எழுதி அதன் மேல் நடந்து போவது. பிறகு மாவை உருட்டிக் கயிறாக்கி எழுத்து செய்வது. உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி விரலால் தடவுவது. மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையில் இது முக்கியமான ஒன்று. அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். ஒட்டும்போது எழுத ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீழிருந்து மேலே எழுதும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், பின்னால் மாற்றுவது கஷ்டம்.

பிறகு மணல். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் விரலால் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளின் அநாதை இல்லத்துப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஊர்ப் பள்ளி ஒன்றில் இப்படி எழுதுவதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். தாள் மிச்சம், தப்பாக எழுதினாலும் ஒரு தட்டுத் தட்டினால் அழிந்துவிடும். அவர் 1797-ல் லண்டனில் இதை அச்சிட்டு வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே மணல் எழுத்து போனது. விஜயதசமி அன்று அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அந்தத் தட்டை மறுநாள் எடுத்து வைத்துவிடாதீர்கள். ரவையோ மணலோ பரப்பி வருடம் முழுக்க வைத்திருங்கள். தப்பு அழிந்துபோகும் இடத்தில் பிள்ளை பயப்படாமல் எழுதும். நோட்டில் ரப்பர் போட்டு அழித்த தழும்பு அப்படியே நிற்கும், அதைப் பார்த்துப் பார்த்தே சில குழந்தைகள் எழுத மறுக்கிறார்கள்.

வாசலில் கோலம் போடும்போது பிள்ளைக்கும் ஓரமாக நாலு புள்ளி வைத்துக் கொடுங்கள், புள்ளியைக் கோட்டால் சேர்ப்பது, புள்ளியைச் சுற்றி வளைப்பது இரண்டும் தமிழ் எழுத்துக்கு நேரடியான பயிற்சி. பெண் பிள்ளைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் பையன்களையும் உட்கார வையுங்கள்.

உட்காரும் விதம் பற்றிச் சுருக்கமாக. நாற்காலி என்றால் பாதம் தரையில் படவேண்டும், படவில்லையென்றால் அடியில் ஒரு பலகையோ கட்டிவைத்த பழைய புத்தகங்களோ போடுங்கள். கால் ஆடினால் கையும் ஆடும். தரையில் சம்மணம் போட்டால் முன்னால் சாய்வு மேஜை, அந்தக் காலக் கணக்குப்பிள்ளை வைத்திருப்பாரே அந்த மாதிரி, இல்லாவிட்டால் ஒரு தடித்த ஃபைலைச் சரிவாக வைத்தாலும் சரி. நான்கு வயதுக்கு ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும். அதற்கு மேல் உட்கார வைத்து எழுத வைத்தால் கை பழகாது, வெறுப்புதான் வளரும்.

இடக்கை பற்றி ஒன்று. எந்தக் கை என்பது நான்கிலிருந்து ஆறு வயதுக்குள்தான் நிலைக்கும், அதுவரை மாற்றி மாற்றிப் பிடித்தால் பதற வேண்டாம், பென்சிலை நடுவில் வைத்துவிட்டு அவனே எடுக்கட்டும். இடக்கை என்று தெரிந்துவிட்டால் தயவுசெய்து மாற்றாதீர்கள். “சாப்பிடுகிற கையால் எழுது” என்று பாட்டி சொல்லலாம், அவரிடம் பக்குவமாகப் பேசுங்கள், பிள்ளை முன்னால் வேண்டாம். இடக்கைப் பிள்ளைக்குத் தாளை வலப்பக்கமாகச் சரித்து, மேல் இடது மூலை உயர்ந்திருக்கும்படி வைத்தால் தான் எழுதுவது தனக்கே தெரியும். எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதுவது எந்தக் கைப் பிள்ளைக்கும் ஏழு வயது வரை வரலாம், அதற்குத் திட்டு வேண்டாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்? நான்கு வயது முடிந்தும் ஒரு வட்டம்கூட வரவில்லை, ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி இன்னொரு கையை அப்படியே தொங்கவிடுகிறது, ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையைத்தான் நீட்டியது, அடிக்கடி விழுகிறது, மாவு மணல் எதையும் தொடவே பயப்படுகிறது, முன்பு செய்த வேலை இப்போது வரவில்லை. இதில் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், அவர் தேவைப்பட்டால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (எழுதுவது, சாப்பிடுவது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்) அனுப்புவார். வசதி இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். 2013-ல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது, மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்தில் இந்தச் சிகிச்சை இலவசம். அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டாலே எங்கே போக வேண்டும் என்று சொல்லுவார். கண்ணையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள், பார்வை சரியில்லாமல் கோட்டில் எழுத முடியாத பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, பள்ளியிலிருந்து வரும் அந்த ஒரு பக்க வீட்டுப்பாடம். எல்லாப் பள்ளியும் இதையெல்லாம் யோசித்துக் கொடுப்பதில்லை, உங்களால் பள்ளியை மாற்றவும் முடியாமல் இருக்கலாம். அப்போது பிள்ளையின் கையைப் பிடித்து எழுதி முடிக்காதீர்கள், நீங்களே இடக்கையால் எழுதியும் அனுப்பாதீர்கள். இரண்டு வரி எழுதட்டும், அதில் எது நன்றாக வந்திருக்கிறது என்று அவனையே கேட்டு அந்த எழுத்துக்கு ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். மீதி இடத்தை அப்படியே விட்டுவிட்டு டைரியில், “இரண்டு வரி எழுதினான், கை வலிக்கிறது என்றான், பிறகு அரை மணி நேரம் மாவு உருட்டினான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான் ஒரு ஆசிரியர், அப்படி ஒரு குறிப்பு வந்தால் அந்தப் பிள்ளைக்கு மறுநாள் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.